அரபிக் கடலில் இரண்டு இரவுகள்

புனே நகரம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 560 மீட்டர் உயரத்தில், தக்காணப் பீடபூமியின் மேற்கு விளிம்பில் அமைந்துள்ளது. மலைத் தொடரைக் கடந்து இறங்கிவிட்டால் அரபிக் கடல் வெகு தொலைவில் இல்லை. ஆயினும் இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறை என்றதும் கடலை நினைப்பதில்லை, ஊரைத்தான் நினைக்கின்றன. கோடையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சென்னைக்கோ திருச்சிக்கோ நெல்லைக்கோ செல்வதும், இரண்டு திருமணங்களையும் ஒரு குலதெய்வ வழிபாட்டையும் முடித்துக்கொண்டு, புறப்பட்டபோது இருந்ததைவிடக் களைப்பாகத் திரும்பி வருவதும் நம்மவர் வழக்கம்.

அவ்வழக்கத்தை ஒரு முறை மாற்றிப் பார்க்கலாம் என்ற யோசனையைக் கூறியவர் சென்னையிலுள்ள என் தமையனார். ஷார்ஜாவில் வாழும் தங்கையும் டிசம்பர் விடுமுறைக்கு வருவதாக எழுதியிருந்தாள். மூன்று குடும்பங்களும் தாயாரும் சேர்ந்தால் பன்னிரண்டு பேர். யார் வீட்டில் கூடினாலும் அவ்வீட்டுப் பெண்கள் சமையலறையை விட்டு வெளியே வர இயலாது. ஆகவே யாருடைய வீடும் அல்லாத ஓர் இடத்தில் கூடுவோம் என்று முடிவாயிற்று. மும்பையிலிருந்து கோவா சென்று திரும்பும் உல்லாசக் கப்பலில் இரண்டு இரவுகளுக்கு இடம் பதிவு செய்தோம். எங்களில் ஒருவரும் அதற்கு முன் கப்பலில் கால் வைத்தவர் அல்லர்.

தாயாரின் தடை

எல்லாம் முடிவான பின்பு தாயார் வர மறுத்துவிட்டார். "நீங்கள் போய் வாருங்கள். நான் கப்பலில் ஏறமாட்டேன்" என்றார். வயது எழுபத்தாறு ஆயினும் உடல்நிலைக்குக் குறைவில்லை. காரணம் வேறு.

தாயார் நாகப்பட்டினத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையார் பினாங்கில் ஒரு கடையில் கணக்கு எழுதி வந்தார். அக்காலத்தில் சோழ நாட்டு மக்களை மலேயாவுக்கு ஏற்றிச் சென்ற புகழ்பெற்ற கப்பல் 'ரஜூலா'. 1926-இல் கட்டப்பட்ட அக்கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைகளுக்கிடையே 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. நாகையில் கப்பல் கரையை அணைவதில்லை. ஆழம் போதாமையால் கடலில் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும்; பயணிகள் படகேறிச் சென்று அதில் ஏறவேண்டும். பெரும்பாலோர் மேல்தளப் பயணிகள். பாயும் தலையணையும் தகரப் பெட்டியுமாகத் தளத்தில் இடம் பிடித்து, வெயிலையும் உப்புக் காற்றையும் பொறுத்துக்கொண்டு அக்கரை சேர்ந்தார்கள்.

"ஆறு வயதில் ஒரு முறை, பதினோரு வயதில் ஒரு முறை, படகு கண்ணுக்கு மறையும்வரை கரையில் நின்றிருக்கிறேன். மூன்றாம் முறை போனவர் திரும்பவில்லை, கடிதந்தான் வந்தது. கப்பல் ஆளைக் கொண்டுபோகும் என்பதைத்தான் நான் கண்டிருக்கிறேன்" என்றார் தாயார்.

இதைக் கேட்டபின் அவரை வற்புறுத்த எங்களுக்கு மனம் வரவில்லை. என் மகள் மட்டும் விடவில்லை. புனேயில் பிறந்து வளர்ந்தவள் ஆதலால் அவள் பாட்டியை மராத்தி வழக்கப்படி 'ஆஜி' என்று அழைப்பாள். "ஆஜி, இது யாரையும் எங்கும் விட்டுவிட்டு வருகிற கப்பல் இல்லை. ஏறிய இடத்திலேயே எல்லாரையும் இறக்கிவிடும்" என்றாள். தாயார் சற்று யோசித்துவிட்டு, "எங்கும் போகாமல் திரும்பி வருவதற்கா இவ்வளவு பணம்?" என்று கேட்டார். அனைவரும் சிரித்தோம். சிரிப்புக்கிடையே அவர் இசைந்துவிட்டார்.

துறைமுகம் நோக்கி

காலை 7.15 மணிக்குப் புனேயிலிருந்து புறப்படும் 'டெக்கான் குவீன்' வண்டியில் சென்றோம். 1930 ஜூன் முதல் நாளன்று ஓடத் தொடங்கிய இவ்வண்டியைப் பற்றி நம் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 1863-இல் முதன்முதல் புகைவண்டி ஏறிய போர் கணவாயில், குகைகளுக்குள் புகுந்து புகுந்து கொங்கணச் சமவெளிக்கு இறங்கும் காட்சி எத்தனை முறை கண்டாலும் அலுப்பதில்லை.

மும்பை சத்திரபதி சிவாஜி மகாராஜ் நிலையத்திலிருந்து பல்லார்ட் பியர் துறை அணித்தே உள்ளது. ஒரு காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த தபால் கப்பல்கள் இத்துறையில்தான் அணைந்தன. கப்பலிலிருந்து இறங்கியவர்களை வடநாட்டுக்கு ஏற்றிச் செல்ல, 1928-இல் தொடங்கிய 'பிராண்டியர் மெயில்' துறையோரத்திலேயே காத்திருந்ததுண்டு. இன்று அங்கே 2025 செப்டம்பரில் திறந்துவைக்கப்பட்ட பெரிய பயணியர் முனையம் எழுந்துள்ளது. பெட்டிகளைச் சோதித்து வாங்கிக்கொள்வது, அடையாள அட்டையைப் பார்ப்பது முதலியன விமான நிலையத்தில் நடப்பதைப் போலவே நடைபெறுகின்றன.

எங்கள் கப்பலின் பெயர் 'எம்பிரஸ்'. பிரான்சு நாட்டில் கட்டப்பட்டு 1990-இல் 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயருடன் கடலில் இறங்கிய இக்கப்பல், உலகின் பல கடல்களைச் சுற்றிவிட்டு, 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து 'கார்டீலியா' நிறுவனத்தின் சார்பில் ஓடத் தொடங்கியது. நீளம் 210 மீட்டர், தளங்கள் பதினொன்று, எடைக் கணக்கு 48,000 டன்னுக்கு மேல். அருகில் நின்று நிமிர்ந்து பார்க்கையில் அது கப்பலாகவே தோன்றவில்லை. சன்னல்கள் நிறைந்த ஒரு தெரு கரையோரம் வந்து நிற்பதுபோல் இருந்தது.

ஏறு பாலத்தின் முன் தாயார் நின்றார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். தங்கை அவர் கையைப் பற்றினாள். "விடு, நானே வருகிறேன்" என்று கூறி, நெற்றியைத் தொட்டு வணங்கிவிட்டு உள்ளே நடந்தார்.

முதல் மாலை

கப்பல் புறப்படுமுன் நடந்த முதற் காரியம் பாதுகாப்பு ஒத்திகை. ஆபத்து நேர்ந்தால் ஏழு குறு ஊதலும் ஒரு நெடு ஊதலும் ஒலிக்கும் என்றும், அதைக் கேட்டதும் அவரவர்க்குக் குறித்த இடத்தில் கூடவேண்டும் என்றும் அறிவித்தார்கள். "குறில் ஏழு, நெடில் ஒன்று; மறக்காது" என்றார் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் தமையனார். 2012-இல் இத்தாலியக் கரையருகே 'கோஸ்டா கான்கார்டியா' என்ற கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்தபின், புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ இவ்வொத்திகையை நடத்துவது உலகெங்கும் கட்டாயமாயிற்று.

மாலையில் கப்பல் நகர்ந்தது. நகர்ந்ததைக் கரை விலகுவதைக் கொண்டே அறிந்தோம். கொலாபா முனையைக் கடந்து தெற்கே திரும்பியபோது, இடப்புறம் அந்தி வெளிச்சத்தில் காந்தேரித் தீவு தெரிந்தது. 1679-இல் சிவாஜி மன்னர் அத்தீவில் கோட்டை எழுப்பத் தொடங்கியதையும், ஆங்கிலேயர் அதைத் தடுக்க முயன்றும் இயலாமற் போனதையும் என் மகள் பள்ளியில் படித்தவாறே ஒப்பித்தாள். 2025-இல் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் சின்னங்களாக ஏற்ற பன்னிரண்டு மராத்தியக் கோட்டைகளில் காந்தேரியும் ஒன்று. அப்பன்னிரண்டில் தமிழ்நாட்டிலுள்ள ஒரே கோட்டை நம் செஞ்சி. இதைத் தமையனார் எடுத்துக் கூறியதும், சென்னைப் பிள்ளைகளும் புனேப் பிள்ளைகளும் கோட்டை யாருடையது என்று வழக்காடத் தொடங்கினார்கள். அவர்கள் ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசியது அப்போதுதான் தொடங்கியது எனலாம். சற்று நேரத்தில் கைபேசிகளில் தொடர்பு அற்றுப்போயிற்று. அதுவும் ஒரு நன்மையே.

பாட்டும் மொழியும்

இத்தகைய பயணங்களில் ஏதேனும் ஒரு பொருளை மையமாக வைத்து ஆடல் பாடல்களையும் உடைகளையும் அமைக்கிறார்கள். எங்கள் பயணத்தின் பொருள் இந்தித் திரைப்படம். பழங்காலப் படங்களின் உடையில் வரலாம் என்று அறிவித்திருந்தமையால், இரவில் கப்பல் முழுவதும் பல காலத்து நாயகர்களும் நாயகியரும் உலவினார்கள். தாயாருக்கு வேடம் தேவைப்படவில்லை. அவர் உடுத்தியிருந்த கூறைநாட்டுப் புடவையைக் கண்டு, எந்தப் படத்து உடை என்று ஓர் அம்மையார் கேட்டார்.

அரங்கில் பாடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. தாயாருக்கு இந்தி அவ்வளவாகத் தெரியாது. கண்ணை மூடி அமர்ந்திருந்தார். திடீரென்று 'ரோஜா' படத்துப் பாட்டு ஒன்று எழுந்தது. 1992-இல் தமிழில் வந்து, பின்னர் இந்தியில் மொழிமாற்றம் பெற்ற படம் அது. எங்கள் பிள்ளைகள் அதை இந்திச் சொற்களுடன் பாடினார்கள். தாயார் கண்ணைத் திறந்து, மெல்லிய குரலில் தமிழில் பாடினார். "இது தமிழ்ப் பாட்டா!" என்று ஷார்ஜாவில் வளரும் பேரன் வியந்தான். மறுநாள் முழுவதும் பிள்ளைகள் ஆறு பேரும் பாட்டியிடம் அச்சொற்களைக் கேட்டுக் கற்றுக்கொண்டிருந்தார்கள். தமிழ் கற்கவேண்டும் என்று நாங்கள் பல ஆண்டுகளாகக் கூறிவந்த அறிவுரைகள் செய்யாததை அப்பாட்டு செய்தது.

அன்றிரவு உறங்குமுன் தாயார், "மேல்தளம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அழைத்துச் சென்றேன். திறந்த வெளியில் நீச்சல்குளமும் சாய்வு நாற்காலிகளும் இருந்தன. கைப்பிடிக் கம்பியைப் பற்றியவாறு நெடுநேரம் இருண்ட கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு திரும்பி, "அப்பா பாய் விரித்துப் படுத்த இடத்தில் இவர்கள் குளம் வெட்டியிருக்கிறார்கள்" என்றார். வருத்தத்தோடு சொல்லவில்லை. தந்தையார் கண்ட கடலைத் தாமும் கண்டுவிட்ட நிறைவு அவர் முகத்தில் இருந்தது.

ஒரு மெழுகுத்திரி

காலைச் சிற்றுண்டியின்போது, "ஆச்சி, தயிர் வேண்டுமா?" என்று ஒரு குரல் கேட்டது. தென்பாண்டிப் பேச்சு. பரிமாறும் பணியிலிருந்த இளைஞர் தூத்துக்குடிக் கடற்கரையைச் சேர்ந்தவர். நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டு வந்தார். ஊர், பெற்றோர், மனைவி என்று எல்லாவற்றையும் தாயார் விசாரித்துவிட்டார். அவருக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகிறது. கைபேசித் திரையில் அல்லாமல் அவர் இன்னும் அக்குழந்தையைப் பார்த்ததில்லை. ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருந்தது. கப்பல் ஊழியர் பல மாதங்களைத் தொடர்ந்து கடலிலேயே கழிப்பது உலகெங்கும் உள்ள முறை. தாயார் சிறிது நேரம் பேசவில்லை. "தம்பி, உன் குழந்தையும் கரையில் நிற்கிறது. போய்ச் சேர்ந்துவிடு" என்றார்.

கப்பல் அன்று கோவாவின் மார்முகாவ் துறையில் அணைந்தது. நாங்கள் பழைய கோவாவுக்குச் செல்வதை அறிந்த அவ்விளைஞர், சவேரியார் சன்னதியில் தம் குழந்தைக்காக ஒரு மெழுகுத்திரி வைக்க இயலுமா என்று கேட்டுக்கொண்டார். அன்று அவருக்குப் பணி இருந்தது. 1542-இல் கோவாவில் வந்திறங்கிய பிரான்சிஸ் சவேரியார் அவ்வாண்டிலேயே முத்துக்குளித்துறைக்குச் சென்று அங்குள்ள மக்களிடையே பணி செய்தார். அவருடைய உடல் பழைய கோவாவில் 'போம் ஜேசு' பேராலயத்தில் உள்ளது. தூத்துக்குடிக் கடற்கரைக்கும் அவ்வாலயத்துக்கும் உள்ள உறவு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு உறவு.

கோவாவில் நாங்கள் கண்ட மற்றவற்றைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்லவேண்டியது இது ஒன்றே: நாள் தவறாமல் முருகனை வணங்கும் எங்கள் தாயார், தம் கையால் அத்திரியை ஏற்றி வைத்து, குழந்தையின் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டார்.

செல்ல விரும்புவோர்க்குச் சில சொற்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலக் காற்றினால் அரபிக் கடல் கொந்தளிக்கும். குளிர்காலமே ஏற்றது. அசைவைத் தாங்காதவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்து அறையைக் கேட்டுப் பெறலாம். மும்பையிலிருந்து தெற்கே செல்கையில் கரை இடப்புறம் இருக்கும்; சன்னல் அறை வேண்டுவோர் இதை நினைவில் கொள்ளலாம். சன்னல் இல்லாத உள்ளறைகளுக்குக் கட்டணம் குறைவு. உறங்குவதற்கு மட்டுமே அறைக்குச் செல்வதால் எங்களுக்கு அதுவே போதுமாயிருந்தது. உணவு கட்டணத்தில் அடங்கும். கரைச் சுற்றுலா, இணையத் தொடர்பு, மதுபானம் ஆகியவற்றுக்குத் தனிச் செலவு உண்டு. பதிவு செய்யுமுன் எது அடங்கும், எது அடங்காது என்று எழுத்தில் கேட்டுக்கொள்வது நன்று. சூதாட்டக் கூடமும் உண்டு. அங்குச் சிறுவர்க்கு இடமில்லை, பெரியவர்க்கும் அவசியமில்லை. முதியோர் தம் மருந்துகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளவேண்டும். பெரிய பெட்டிகள் அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகக்கூடும்.

இதே கப்பல் 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்குச் சென்று காங்கேசன்துறையிலும் அணைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பல் போக்குவரத்தும் தொடங்கியது. நாகைக் கரையிலிருந்து மீண்டும் கப்பல் ஏறுகிறார்கள் என்று சொன்னபோது தாயார், "அவர்கள் போய்த் திரும்பி வருகிறவர்கள்தானே?" என்று கேட்டறிந்துகொண்டார்.

தமிழர் குடும்பங்களில் கப்பல் ஏறிய ஒருவராவது இல்லாத குடும்பம் குறைவு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் சென்றவர்களின் வழிவந்தோர் நம் சங்கத்திலும் பலர் இருக்கக்கூடும். யார் எந்தக் கப்பலில் சென்றார், கரையில் நின்றவர் யார், எடுத்துச் சென்ற பெட்டியில் என்ன இருந்தது என்பன பெரியவர்களின் நினைவில் மட்டுமே உள்ளன. நாற்பத்தெட்டு ஆண்டுகள் தாயாருடன் வாழ்ந்தும் நான் கேளாத செய்திகளை, என் பிள்ளைகள் இரண்டு நாளில் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள். உல்லாசப் பயணத்துக்குப் பொருள் வேண்டும். இதற்கு வேண்டியதெல்லாம் ஒரு மாலைப் பொழுதே. சங்கத்து அன்பர்கள் தத்தம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதியனுப்பினால், இவ்விதழில் இடம் உண்டு என்று ஆசிரியர் கூறியிருக்கிறார்.