இசைக்கு வழிவிடும் பலகை

வீட்டு ஒலிப்பதிவு அறையில் கருவிகள் பெருகப் பெருக, அவற்றின் பின்னால் கம்பிவடங்களும் பின்னிக் கிடக்கும். ஓர் இணைப்பை மாற்றுவதற்கே மேசைக்கு அடியில் தவழ வேண்டியிருக்கும். அதற்குள் மனத்தில் தோன்றிய மெட்டு மறந்துபோகலாம்.

இச்சிக்கலைத் தீர்ப்பதே ‘பேட்ச்பே’ எனும் இணைப்புப் பலகை. அக்காலத் தொலைபேசி நிலையங்களில் அழைப்புகளை இணைத்த பலகையே இதற்கு முன்னோடி. பொதுவாக, இதன் முன்புறத்தில் இரண்டு வரிசைகளாக 48 துளைகள் இருக்கும். கருவிகளிலிருந்து வரும் ஒலி மேல்வரிசையை அடையும். கீழ்வரிசை வழியே அடுத்த கருவிக்குச் செல்லும். வழக்கமான பாதை பெரும்பாலும் உள்ளேயே இணைக்கப்பட்டிருக்கும். பாதையை மாற்ற ஒரு சிறு வடத்தைச் செருகினால் போதும்.

எனினும், ஒவ்வொரு துளைக்கும் பெயர் எழுதி ஒட்டாவிட்டால் குழப்பமே மிஞ்சும். தொடக்கத்தில் ஒரு நாள் செலவழித்து ஒழுங்குபடுத்தினால், பிறகு கவனம் முழுவதையும் இசையில் செலுத்தலாம்.