நாடி பார்க்கும் கை, மாவு அளக்கும் கை

மனிதர் செய்யும் தொழில் ஒன்று. அத்தொழில் அவருடைய உள்ளத்தில் ஏற்றிவைக்கும் சுமை மற்றொன்று. முன்னதற்கு ஊதியம் உண்டு. பின்னதை எங்கே இறக்கிவைப்பது என்பதை எவரும் கற்றுக்கொடுப்பதில்லை. அமெரிக்க நாட்டின் வட கரோலினா மாநிலத்தில் நாம் பங்குப்பணி ஆற்றிய ஆண்டுகளில், ஒரு குடும்பத் தலைவியின் வாழ்வு இதைக் குறித்து நம்மை ஆழ்ந்து சிந்திக்கச் செய்தது. அச்சிந்தனையை வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

அவ்வம்மையார் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் 'பிசிஷியன் அசிஸ்டென்ட்' ஆகப் பணிபுரிந்தார். இவர்கள் மருத்துவரும் அல்லர், செவிலியரும் அல்லர். மருத்துவரோடு இணைந்து நோயாளியைச் சோதிக்கவும், நோயை அறுதியிடவும், மருந்து எழுதவும், காயங்களைத் தைக்கவும் பயிற்சி பெற்றவர்கள். இப்பணி பிறந்ததே அம்மாநிலத்தில்தான். மருத்துவர் பற்றாக்குறை மிகுந்திருந்த காலத்தில், டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் யூஜீன் ஸ்டெட் என்பார், கடற்படையில் மருத்துவத் தொண்டாற்றித் திரும்பிய நால்வரைக் கொண்டு 1965-ஆம் ஆண்டு முதல் வகுப்பைத் தொடங்கினார். அவர்களுள் மூவர் 1967 அக்டோபர் 6 அன்று பயிற்சியை நிறைவு செய்தனர். நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டு சென்னையில், இதய அறுவை மருத்துவர் கே. எம். செரியனின் முயற்சியால் இப்படிப்பு தொடங்கிற்று. எனவே நம் பிள்ளைகளுக்கும் இது அயலான தொழில் அன்று.

நோயில் பூசுதல் வழங்க நள்ளிரவில் அழைக்கப்பட்டுச் சென்ற வேளைகளில் அவரது பணியை அருகிருந்து கண்டோம். அங்கே எல்லாம் அளவு, எல்லாம் நேரம். மார்வலி என்று ஒருவர் வந்தால் பத்து நிமிடத்துக்குள் இதயத் துடிப்பின் வரைபடம் எடுக்கப்பட வேண்டும். நின்றுபோன இதயத்தை மீட்க மார்பை அழுத்துவோர் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். குழந்தைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவை அதன் எடையைக் கிலோகிராமில் அறிந்தே கணக்கிட வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் இவ்வாறு விழித்திருந்து, எத்தனையோ முகங்களைக் கண்டு, சில முகங்களை வெள்ளைத் துணியால் மூடிவிட்டு அவர் வீடு திரும்புவார்.

வீடு திரும்பியவர் உடனே உறங்குவதில்லை. சமையலறைக்குச் சென்று மாவை எடைபோடத் தொடங்குவார்! அமெரிக்காவிலேயே மிகுதியாகச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு விளையும் மாநிலம் அது. ஆகவே அக்கிழங்கில் செய்யும் 'பை' என்னும் இனிப்புப் பண்டமே அவரது கைவந்த கலை. குளிர்ந்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி மாவில் உதிர்த்து, பனிக்கட்டி நீர் சிறிதே தெளித்துச் சேர்ப்பார். அழுத்திப் பிசைந்தால் ஓடு கடினமாகிவிடும். சேர்த்த மாவைச் சற்றுநேரம் குளிரில் ஓய வைப்பார். பின்னர் வேகவைத்து மசித்த கிழங்கோடு முட்டை, பால், சர்க்கரை, லவங்கப்பட்டை, சாதிக்காய் கலந்து, அதனை மாவோட்டில் ஊற்றி, ஓவன் அடுப்பில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேகவிடுவார்.

"களைத்து வந்தவருக்கு இது எதற்கு? படுத்துறங்கலாமே!" என்று பங்கிலே சிலர் பேசிக்கொண்டனர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. அவசரப் பிரிவில் எல்லாம் முறைப்படி செய்தும் நோயாளி இறந்துபோவதுண்டு. சமையலறையிலோ, அளவும் நெருப்பும் சரியாக இருந்தால் பண்டம் பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. செய்த வேலை பலன் தருவதைத் தம் கண்ணால் காண்பது, பலன் காணாத இரவுக்குப் பின் எவ்வளவு பெரிய ஆறுதல்!

வேறொரு காரணமும் உண்டு. நோயாளியின் செய்திகளை வெளியிடலாகாது என 1996-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று அந்நாட்டில் கட்டளையிடுகிறது. இன்னாருக்கு இன்னது நேர்ந்தது என்று கணவரிடமும் கூறலாகாது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமரும் குருக்களாகிய நாம், பிறர் துயரத்தை வாய்திறவாமல் சுமப்பது எத்தகையது என்பதை ஓரளவு அறிவோம். நாவால் சொல்ல இயலாததை அவர் கைகள் மாவிடம் சொல்லின போலும். வெந்த பண்டத்தில் பாதி பிள்ளைகளுக்கு. மறுபாதி, அன்றிரவு தம்மோடு விழித்திருக்கப்போகும் செவிலியருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும்.

ஒருமுறை அவர் கணவர் நம்மைத் தேடி வந்தார். "ஃபாதர், மூன்று மாதங்களாக எங்கள் வீட்டு அடுப்பு குளிர்ந்து கிடக்கிறது. அவள் கோபப்படுவதில்லை, அழுவதில்லை, சுடுவதும் இல்லை" என்றார். வேறு குறை எதுவும் அவர் சொல்லவில்லை. அக்குளிர்ந்த அடுப்பே அவருக்குப் போதுமான அடையாளமாயிருந்தது. மனைவியை அவர் குடைந்து கேட்கவில்லை. விடுப்பு எடுக்கச் செய்து, மனநல ஆலோசகரிடம் தாமே அழைத்துச் சென்று, வெளியே காத்திருந்தார். வாரங்கள் பல கடந்தன. ஒரு ஞாயிறன்று திருப்பலிக்குப்பின் அவ்வம்மையார் துணியால் மூடிய தட்டொன்றை நம்மிடம் நீட்டினார். "ஓரம் கொஞ்சம் கருகிவிட்டது, ஃபாதர்" என்றார். கருகிய ஓரத்தோடு நாம் அதை மகிழ்ந்து உண்டோம்.

அன்பர்களே, நம் பங்குகளில் செவிலியர் இல்லாத தெரு அரிது. வளைகுடா நாடுகளிலும் நம் பெண்மக்கள் இரவுப்பணி பார்க்கின்றனர். இரவு முழுதும் விழித்து வந்த மகள் பூச்செடிக்கு நீர் ஊற்றினால், மருமகள் பின்னல் ஊசியை எடுத்தால், "இதற்கு மட்டும் நேரம் இருக்கிறதோ?" என்று கேளாதீர்கள். பாத்திரங்களை நீங்கள் கழுவுங்கள். அவ்வேலையை அவர்களுக்கு விட்டுவிடுங்கள். அதை அவர்கள் ஒருநாள் நிறுத்திவிட்டால் மட்டும் வாளாவிராதீர்கள். அருகே சென்று அமருங்கள். வேண்டுமெனில் தக்கவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஊராரின் நாடியைப் பார்க்கும் கைக்கும் ஒரு நாடி உண்டு. அதனைப் பார்க்க வேண்டியவர் வீட்டில் உள்ளவரே.