ஆனையிறவின் நேர்வீதியும் சாரதியின் குணமும்

கண்டி வீதி பரந்தனைக் கடந்து வடக்கே ஆனையிறவை அணுகும்போது மரங்கள் குறைகின்றன. இருமருங்கும் கடனீரேரி விரிகின்றது. உப்பளப் பாத்திகள் வெயிலில் வெளிறிக் கிடக்கின்றன. வீதியோ நூல் பிடித்தாற்போல் நேரே செல்கின்றது. வாகனம் செலுத்தும் திறமையைச் சோதிக்க விரும்பும் எவரும் இவ்விடத்தைத் தெரிவு செய்யமாட்டார். கடுகண்ணாவை வளைவுகளில் லொறி செலுத்திப் பழகிய ஒருவருக்கு இவ்வீதி ஒரு பொருட்டேயன்று. எனினும், சாரதி ஒருவரின் குணத்தை அறிய விரும்புவோருக்கு இதனிலும் பொருத்தமான இடம் கிடைத்தல் அரிது. மலைப்பாதையில் வேகத்தை வளைவு தீர்மானிக்கின்றது. பட்டினத்தில் நெரிசல் தீர்மானிக்கின்றது. இங்கே தீர்மானிப்பவர் சாரதி ஒருவரே. இன்னாருடைய ஓட்டம் இத்தகையது என்று ஊரார் சொல்லும் தீர்ப்புகளிற் பெரும்பாலானவை இத்தகைய வெளிகளைக் கண்டு சொல்லப்பட்டவையே.

அத்தீர்ப்புகள் எவ்வளவு தூரம் சரியானவை? மனிதரைக் குணத்தால் வகைப்படுத்தும் வழக்கம் மிகப் பழையது. சாத்துவிகம், இராசதம், தாமதம் என்னும் முக்குணப் பகுப்பும், வாத பித்த கபம் என்னும் வைத்தியப் பகுப்பும் தமிழர் நன்கறிந்தவை. மேலைநாட்டில் கார்ள் யுங் 1921இல் வெளியிட்ட நூலில் அகமுகி, புறமுகி என்னும் பாகுபாட்டை விரித்துரைத்தார். அதனடியாகப் பிறந்ததும், இன்று முகாமைத்துவ வகுப்புகளிற் பெரிதும் வழங்குவதுமான பதினாறு வகைச் சோதனை, மனிதரைப் பெட்டிகளில் இட்டு அடைக்கின்றது. உயரமானவர், குட்டையானவர் என்று மனிதரை இரண்டாகப் பிரித்தால் நடுத்தர உயரமுடையோர் என்ன ஆவாரோ, அதுவே இங்கும் நேர்கின்றது. சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதித்தால் பலர் வேறொரு பெட்டிக்குள் விழுகின்றனர். உளவியலாளர் பலர் வகைகளைக் கைவிட்டுப் பண்புகளை அளவுகோலிற் கணிக்கும் முறைக்குச் சென்றமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

விபத்துக்கும் குணத்துக்கும் உள்ள உறவு பற்றிய ஆய்வு வீதியிற் பிறந்ததன்று; தொழிற்சாலையிற் பிறந்தது. 1919இல் பிரித்தானியாவில் கிறீன்வுட், வூட்ஸ் என்னும் இருவர் வெடிமருந்துத் தொழிற்சாலைகளிற் பணியாற்றிய பெண்களின் விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து, சிலருக்கே திரும்பத் திரும்ப விபத்து நேர்வதைக் கண்டனர். விபத்தை ஈர்க்கும் ஆளுமை என்ற எண்ணம் இதிலிருந்து வளர்ந்தது. 1949இல் கனடாவில் தில்மன், ஹொப்ஸ் ஆகியோர் வாடகைக்கார்ச் சாரதிகளை ஆராய்ந்தனர். விபத்து மிகுந்தோரின் பெயர்கள் நீதிமன்றம், சமூகசேவை நிலையம் முதலியவற்றின் பதிவேடுகளிலும் கூடுதலாகக் காணப்பட்டன. வாழும் முறையே வாகனம் செலுத்தும் முறையும் ஆகும் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஊர்த்திண்ணையில் எவரும் சொல்லக்கூடிய முடிவுதான்.

ஆனால் இங்கு ஒரு பொறி உண்டு. நூறு கட்டங்கள் வரைந்த பாயொன்றின்மேல் நூறு நெல்மணிகளைக் கண்ணை மூடிக்கொண்டு தூவினால், கட்டத்துக்கு ஒன்றாக அவை விழமாட்டா. ஏறத்தாழ 37 கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கும். சிலவற்றில் இரண்டு, மூன்று, நான்கு மணிகளும் கிடக்கும். மூன்று மணி விழுந்த கட்டத்துக்கு நெல்லை ஈர்க்கும் குணம் உண்டென எவரும் கூறார். ஒரு சாரதிக்கு இரண்டாண்டில் இரண்டு விபத்து நேர்ந்தமையைக் கண்டு அவர் குணத்தைப் பழிப்பதும் பல வேளைகளில் இத்தகையதே. குணத்துக்குப் பங்கில்லை என்பதன்று இதன் பொருள். தற்செயலுக்குரிய பங்கை முதலிற் கழித்துவிட்டே குணத்தின் பங்கை அளக்கவேண்டும் என்பதாம்.

பிற்கால ஆய்வுகளின் பெரும்பயன் திறமையையும் பாங்கையும் வேறு பிரித்தமையே. ஒருவரால் எவ்வாறு செலுத்த இயலும் என்பது திறமை. அவர் எவ்வாறு செலுத்தத் தெரிவு செய்கிறார் என்பது பாங்கு. இலண்டனில் எலாண்டரும் அவருடன் பணியாற்றியோரும் 1993இல் எழுதிய தொகுப்பாய்வு இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்தியது. அதற்கு முன்னரே, 1974இல், வில்லியம்ஸ், ஓநீல் ஆகியோர் அமெரிக்காவில் உரிமம் பெற்ற பந்தயச் சாரதிகளின் சாதாரண வீதிப் பதிவுகளை ஏனையோருடையவற்றோடு ஒப்பிட்டிருந்தனர். கைத்திறனில் ஒப்பற்றவர்களான அவர்களிடையே வீதிச் சட்ட மீறல்களும் விபத்துகளும் பொதுவிற் கூடுதலாகவே இருந்தன. மான்செஸ்ரரில் றீசனும் அவர் குழுவினரும் 1990இல் தவறுகளையும் மீறல்களையும் வேறாக்கிக் காட்டினர். தவறு என்பது கவனப் பிசகு அல்லது கணிப்புப் பிசகு. மீறல் என்பது தெரிந்தே செய்வது. விபத்தோடு நெருங்கிய தொடர்புடையவை மீறல்களே என அக்குழுவினரின் பின்னைய ஆய்வு காட்டிற்று. அடிக்கடி மீறுவோரே தம்மைச் சிறந்த சாரதிகளாக எண்ணும் போக்குடையர் என்பதும் அவர்கள் கண்டதாகும்.

தன்மதிப்பீட்டின் நிலைமையை 1981இல் ஸ்வென்சன் வெளியிட்ட ஆய்விலும் காணலாம். தம் திறமை சராசரிக்கு மேலானதா எனக் கேட்கப்பட்டபோது அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதத்தினரும் சுவீடன் மாணவர்களில் 69 சதவீதத்தினரும் தம்மை மேற்பாதியில் வைத்துக்கொண்டனர். யாழ்ப்பாணத்திலிருந்து அறிவியல் நகர் வளாகத்துக்கு மோட்டார் சைக்கிளிற் சென்று வரும் மாணவரிடம் இதே வினாவைக் கேட்டால் விடை பெரிதும் மாறும் என எதிர்பார்ப்பதற்குக் காரணம் இல்லை.

இனி, குணத்தின் பங்கு எவ்வளவு? கிளர்ச்சி நாடும் பண்பை அளப்பதற்குச் சுக்கர்மன் 1964இல் ஓர் அளவுகோலை வகுத்தார். அதனையும் ஆபத்தான ஓட்டத்தையும் இணைத்து நோக்கிய 40 ஆய்வுகளை 1997இல் தொகுத்த ஜோனா, இணைவுக்கெழு பெரும்பாலும் 0.30 முதல் 0.40 வரை அமைவதாகக் கண்டார். உளவியலில் இது இகழத்தக்க அளவன்று. ஆயினும் சாரதிக்குச் சாரதி காணப்படும் வேறுபாட்டில் பத்திலொரு பங்கு முதல் ஆறிலொரு பங்கு வரையே இதனால் விளக்கப்படுகின்றது. எஞ்சியவை வேறெங்கோ உள்ளன. இப்பண்பு பதின்மப் பருவத்தின் இறுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் உச்சம் பெற்று, வயதேறத் தணிவது. நிலையான குணம் என்று ஒருவர் தலையில் எழுதப்படுவது சில வேளை வெறும் இளமையாகவும் இருக்கலாம்.

ஆனையிறவின் நேர்வீதி இங்கே வேறொரு விதத்திலும் நோக்கத்தக்கது. புறமுகியின் மூளை இயல்பில் தணிந்த விழிப்புநிலையில் உள்ளது. எனவே அது புறத்தூண்டலைத் தேடுகின்றது என்பது ஐசென்க் 1967இல் முன்வைத்த கொள்கை. மாற்றமற்ற காட்சி அத்தகையோரை விரைவிற் சலிப்படையச் செய்யும். கொழும்பில் மாலை புறப்படும் இரவுப் பேருந்து இவ்வெளியை அடைவது பெரும்பாலும் விடியலுக்கு முன். உடலின் இயல்பான சுழற்சியில் விழிப்பு மிகத் தாழும் நேரம் அதுவே. முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிவந்த கைகளுக்கு முன்னால் வளைவற்ற வீதியும் ஒலியற்ற நீரும் மட்டும் கிடக்கின்றன. கலகலப்பான சாரதி பாட்டைக் கூட்டி வைப்பார்; நடத்துநரோடு பேச்சுக் கொடுப்பார்; வேகத்தையும் கூட்டுவார். வேகமும் அவருக்கு ஒருவகைத் தேநீரே. அமைதியான சாரதி இவற்றுள் எதனையும் செய்யாது அமைதியாகவே கண்ணயர்ந்து விடவும் கூடும். எந்தக் குணம் பாதுகாப்பானது என்னும் வினாவுக்கு அந்நேரத்தில் விடை இல்லை; உறங்கிய மணித்தியாலங்கள் எத்தனை என்பதே வினா.

குணமே எல்லாம் என்பார்க்கு இவ்வீதியின் அண்மைக்கால வரலாறே தக்க மறுப்பாகும். 1990க்குப் பின் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. பழைய ஒஸ்ரின், மொரிஸ் மைனர் கார்கள் சில துளி பெற்றோலால் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. பொறுமையற்ற கால் எரிபொருளை வீணாக்கும். எஞ்சினும் இடையில் நின்றுவிடும். முன்கோபி என்று ஊரறிந்தவரும் அந்நாளில் முட்டை ஏற்றிச் செல்பவர்போல் வண்டி செலுத்தினார். 2002 ஏப்பிரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது அது குண்டும் குழியுமாய்க் கிடந்தது. இருபுறமும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள் நின்றன. முந்துவதற்காகத் தார் விளிம்பை விட்டிறங்க எவருக்கும் துணிவில்லை. அக்காலத்தில் ஓமந்தைக்கும் முகமாலைக்கும் இடையே விடுதலைப் புலிகளின் காவல்துறையினர் வேகத்தைக் கண்காணித்துத் தண்டம் அறவிட்டனர். தெற்கிலிருந்து விரைந்து வந்த வாகனங்கள் ஓமந்தையைத் தாண்டியதும் அடங்கிச் சென்றன. ஒரே சாரதி, ஒரே வாகனம், ஒரே நாள். ஆனால் ஓட்டம் இரண்டு. 2006 ஓகஸ்ற்றில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009க்குப் பின் அது அகன்று மழமழப்பாகப் புனரமைக்கப்பட்டது. தவணைக்கடனில் மோட்டார் சைக்கிள்கள் ஊர்தோறும் வந்தன. வன்னி மக்களின் குணம் அவ்வாண்டுகளில் மாறிவிடவில்லை. அக்குணம் வெளிப்படுவதற்குரிய இடம் அகன்றது.

தனியார் பேருந்துகளைப் பற்றியும் இதே நோக்கிற் சிந்திக்கலாம். அவற்றின் போட்டி ஓட்டத்தைக் கண்டு சாரதிகளை முரடர் என்பது எளிது. அன்றாடச் சேகரிப்பைப் பொறுத்தே சாரதியினதும் நடத்துநரினதும் கூலி அமையுமிடத்து, முன்னால் நிற்கும் பயணியை அடுத்த பேருந்துக்கு விட்டுக்கொடுக்கும் சாது தன் வீட்டு அரிசியை விட்டுக்கொடுத்தவராவார். அவ்வாசனத்தில் சாதுக்கள் நெடுங்காலம் நிலைப்பதில்லை. தொழிலே ஆளைத் தெரிந்தெடுக்கின்றது. பின்னர் ஆளையே குற்றஞ்சொல்கின்றோர் பலர்.

இதனால் எழும் நடைமுறை வினா அற்பமானதன்று. இலங்கையில் சாரதி அனுமதிப்பத்திரம் பெற விரும்புவோர் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழைப் பெறவேண்டும். கண்பார்வை முதலியன அங்கே சோதிக்கப்படுகின்றன, குணம் சோதிக்கப்படுவதில்லை. அதனையும் சோதித்தால் என்ன என்று கேட்போர் உளர். பத்திலொரு பங்கை விளக்கும் அளவுகோலைக் கொண்டு ஓர் இளைஞனின் பிழைப்புக்குரிய பத்திரத்தை மறுப்பது நீதியாகாது. அவன் செய்யாத மீறலுக்கு முற்கூட்டியே அறவிடும் தண்டம் அது. ஜேர்மனியில் மதுபோதை முதலிய காரணங்களால் பத்திரம் இழந்தோர் அதனை மீளப் பெறுதற்கு மருத்துவ உளவியற் பரிசோதனைக்கு உட்படுத்தப்படுகின்றனர். அங்கே சோதனை தொடங்குவது வகையிலிருந்து அன்று, செய்த செயலிலிருந்து. இம்முறை ஏற்கத்தக்கது.

தமிழிலக்கியத்தில் வீதி விபத்தொன்றின் வழக்கைச் சேக்கிழார் பெரியபுராணத்தின் தொடக்கத்திலேயே வைத்துள்ளார். திருவாரூர் வீதியில் மனுநீதிச் சோழனின் மைந்தன் தேரூர்ந்து செல்கையில் பசுங்கன்று ஒன்று எவரும் காணாதவாறு துள்ளிவந்து காலிற் சிக்கி இறந்தது. அரசகுமாரன் கொடியவன் என்றோ, செருக்குற்றவன் என்றோ சேக்கிழார் கூறவில்லை, நல்லவனாகவே காட்டுகிறார். நல்லவன் செலுத்திய தேரின் கீழும் கன்று இறக்கின்றது. அரசனும் மகனுடைய குணத்தை விசாரிக்கவில்லை, நிகழ்ந்ததையே விசாரித்தான்.

ஏ-9 வீதியிலும் கன்றுகளுக்குக் குறைவில்லை. பகலின் சூட்டை இரவிலும் வைத்திருக்கும் தாரின்மேல் கட்டாக்காலி மாடுகள் படுத்துக் கிடக்கின்றன. உள்ளூராட்சி மன்றங்கள் அவற்றைப் பிடித்து அடைத்து உரிமையாளரிடம் தண்டம் அறவிடுவதுண்டு. மாடுகள் மீண்டும் வருகின்றன. ஊர்மனைக்கு வெளியே பொதுவாக விதிக்கப்பட்ட 70 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார், சாரதி மாட்டைக் கண்டு உணர்ந்து தடுப்பை மிதித்து நிற்பதற்கு, உலர்ந்த வீதியில் ஏறத்தாழ 56 மீற்றர் வேண்டும். 100 கிலோமீற்றர் வேகத்தில் அது 97 மீற்றர் ஆகும். தாழ்த்திய முன்விளக்கு, இருண்ட நிற மாடொன்றைக் காட்டுவது பெரும்பாலும் ஐம்பது, அறுபது மீற்றருக்குள்ளேதான். மோட்டார் சைக்கிளின் விளக்கு இன்னும் குறைவாகவே காட்டும்.