மூன்று வகைப் பட்டியல்

உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் இணையப் பக்கம் உருவாக்கும் அலகு ஒன்று உண்டு. அதில் பட்டியல்களுக்கு ஓரிரு பாடவேளைகள்தான் செலவாகும். அட்டவணை, படிவம், இணைப்பு என்று பெரிய விடயங்கள் பின்னால் காத்திருப்பதால் எல்லோரும் பட்டியலை வேகமாகக் கடந்துவிடுவோம். மனனமிட வேண்டியதும் அதிகமில்லை. வரிசைப்படுத்தாத பட்டியலுக்கு யு.எல்., வரிசைப்படுத்திய பட்டியலுக்கு ஓ.எல்., வரைவிலக்கணப் பட்டியலுக்கு டி.எல். பரீட்சையில் கேட்டால் எழுதிவிடலாம். ஆனால் ஒரு பக்கத்தை நாமே செய்ய உட்காரும்போது, எதை எந்தப் பட்டியலில் போடுவது என்ற கேள்வி வருகிறது. அதற்குக் கணினி பதில் சொல்லாது. எமது ஊரான யட்டியாந்தோட்டையைப் பற்றி ஒரு சிறிய இணையப் பக்கம் செய்து பழகியபோது நான் யோசித்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இலகுவானதைப் பார்ப்போம். எமது பிரதேசத்தில் விளையும் பொருட்களைச் சொல்ல வேண்டும்: தேயிலை, இறப்பர், மிளகு, கராம்பு, பாக்கு. ‘டெக்’ என்று நாம் சொல்லும் ஒட்டுகளில் யு.எல். ஒட்டைத் திறந்து, ஒவ்வொரு பொருளையும் எல்.ஐ. ஒட்டுக்குள் எழுதி, கடைசியில் யு.எல். ஒட்டை மூடினால் போதும். பிரவுசர் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு கரும்புள்ளி வைக்கும். அதை வெற்று வட்டமாகவோ சதுரமாகவோ மாற்றவும் முடியும். இந்த ஐந்தையும் எப்படி இடம் மாற்றிப் போட்டாலும் கருத்து மாறாது. பாக்கை முதலில் எழுதினால் தேயிலை கோபிக்காது. வரிசைப்படுத்தாத பட்டியலை அடையாளம் காண எனக்குத் தெரிந்த பரிசோதனை இதுதான்: குலுக்கிப் போட்டுப் பாருங்கள். ஒன்றும் கெடவில்லை என்றால் அது யு.எல்.

இனி, இறப்பர் ஷீட் செய்யும் முறையைக் குலுக்கிப் பாருங்கள். விடியற்காலையில் பால் வெட்ட வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பிறகு சிரட்டையில் வடிந்த பாலைச் சேர்க்க வேண்டும், வடிகட்ட வேண்டும், தண்ணீரும் அமிலமும் கலந்து உறைய வைக்க வேண்டும், உருளையில் கொடுத்துத் தட்டையாக்க வேண்டும், புகையறையில் காய வைக்க வேண்டும். உறைந்த பிறகு வடிகட்ட முடியாது. ஆகவே இது ஓ.எல். இங்கும் உள்ளே எழுதுவது அதே எல்.ஐ. தான். இலக்கங்களை நாம் எழுதுவதில்லை, பிரவுசரே போட்டுக்கொள்கிறது. நடுவில் ஒரு படி விடுபட்டிருந்தால் அந்த இடத்தில் ஓர் எல்.ஐ. சேர்த்தால் போதும், கீழேயுள்ள இலக்கங்கள் தாமாக நகர்ந்துகொள்ளும். 1, 2, 3 வேண்டாமென்றால் ‘டைப்’ என்ற பண்பைக் கொடுத்து ஆங்கில எழுத்துகளாகவோ ரோம இலக்கங்களாகவோ மாற்றலாம். ‘ஸ்டார்ட்’ என்ற பண்பால் ஏழிலிருந்தும் தொடங்கலாம். எச்.ரி.எம்.எல். 5 இல் ‘ரிவேர்ஸ்ட்’ என்று எழுதினால் பெரிய இலக்கத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணும்.

எமது ஊர் வழியாகச் செல்லும் ஏ 7 வீதியும் ஓர் ஓ.எல். தான். அவிசாவளை, கரவனெல்ல, யட்டியாந்தோட்டை, கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன் என்று பஸ் போகும். ஹட்டனிலிருந்து இறங்கி வருபவருக்கு இதே பட்டியல் தலைகீழாகும்.

இதைவிட எம் எல்லோருக்கும் பழக்கமான ஓர் ஓ.எல். இருக்கிறது. ஷாபிஈ மத்ஹபின்படி வுழூவின் பர்ளுகள் ஆறு என்று சிறு வயதிலேயே ஓதிப் படித்திருக்கிறோம். நிய்யத் வைத்தல், முகம் கழுவுதல், கைகளை முழங்கை உட்படக் கழுவுதல், தலையின் ஒரு பகுதியை மஸ்ஹு செய்தல், கால்களைக் கரண்டை உட்படக் கழுவுதல் என்று ஐந்து. ஆறாவது தர்தீப், அதாவது இவற்றை இதே வரிசையில் செய்தல். வரிசையே பட்டியலின் ஓர் உறுப்பாக நிற்கிறது. ஓ.எல். என்றால் என்னவென்று ஒரு தங்கைக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பொருட்களையும் செயல்களையும் வகைப்படுத்துவது இவ்வளவு சுலபம். மனிதர்களைப் பட்டியலிடும்போதுதான் சிக்கல்.

வாப்பாவுக்கு யட்டியாந்தோட்டையில் ஒரு சில்லறைக் கடை இருக்கிறது. வாடிக்கையாளர்களில் அதிகமானவர்கள் தோட்டத்தில் வேலை செய்பவர்கள். மாதம் முழுவதும் அரிசி, மா, சீனி, பருப்பு என்று கடனுக்கு வாங்கி, பத்தாம் திகதியளவில் சம்பளம் கிடைத்ததும் கொண்டுவந்து கொடுப்பார்கள். எல்லாம் ஒரு நீளக் கொப்பியில் இருக்கும். ஆளுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் பெயர் மட்டும், இலக்கம் கிடையாது.

போன நோன்புப் பெருநாளுக்குக் கொழும்பிலிருந்து நானா வந்திருந்தார். கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இத போன்ல ஏத்தித் தாறன் வாப்பா. கூடக் கடன் உள்ளவர் மேல வருவார், ஒண்டு ரெண்டு எண்டு வரிசையா காட்டும்” என்றார். கணக்குப் படித்தவர் சொல்வதில் பிழையில்லை. நிற்கும் கடனில்தான் எங்கள் பீஸும் பஸ் காசும் தங்கியிருக்கின்றன. உம்மாவும் நல்ல யோசனைதான் என்றார்.

வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “வேணாம் மகன். நம்பர் போட்டா கொப்பியத் தொறக்குற நேரமெல்லாம் முதலாவது ஆள்லதான் கண் போகும். அவர் கடைக்கு வந்தா நான் சாமான் கட்டுற விதமே மாறிப்போகும்.”

அதே வாப்பா மேசை லாச்சியில் ஒரு மட்டை வைத்திருக்கிறார். கொழும்பு மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டிய பணம் அதில் திகதிப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்டு எழுதப்பட்டிருக்கும். தான் கொடுக்க வேண்டியதற்கு இலக்கம் இருக்கிறது, தனக்கு வர வேண்டியதற்கு இல்லை. கடனை மறந்துவிடவும் மாட்டார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை சரியாக இருக்கும். நானா அந்த முறை ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போனார். உம்மாவுக்கு இன்னும் மனக்குறைதான். யார் சொல்வது சரி என்று எனக்கும் முழுமையாகத் தீர்மானிக்க முடியவில்லை. ஆனால் ஓ.எல். போடுவதற்கு முன்னால் இப்போது ஒரு கணம் நிற்கிறேன்.

இதற்காக, மனிதர்களுக்கு இலக்கமே போடக்கூடாது என்று சொல்லவும் முடியாது. 2022 ஆம் ஆண்டு மண்ணெண்ணெய் வரிசைகள் எல்லோருக்கும் நினைவிருக்கும். கேன்களை அடுக்கிவிட்டு விடிய விடியக் காத்திருந்தார்கள். அப்போது யாரோ ஒருவர் துண்டுக் கடதாசியில் வந்த ஒழுங்குப்படி பெயர்களை இலக்கமிட்டு எழுதிவைத்தார். அந்தக் கடதாசி இருந்தபடியால்தான் மலையிலிருந்து நடந்து வந்த ஒரு வயோதிப அம்மாவைத் தள்ளிவிட்டு யாரும் முன்னால் போகவில்லை. அங்கே அந்த இலக்கம்தான் அவருடைய பலம். முறை பார்த்துக் கொடுக்க வேண்டிய இடத்தில் இலக்கம் நீதி. முறையே இல்லாத இடத்தில் போட்டால், இல்லாத உயர்வு தாழ்வை அது உண்டாக்கிவிடும்.

மூன்றாவது, டி.எல். பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை. எனக்குப் பிடித்தது இதுதான். டி.ரி. ஒட்டில் சொல்லை எழுதி, டி.டி. ஒட்டில் அதன் விளக்கத்தை எழுத வேண்டும். விளக்கம் சற்று உள்தள்ளி நிற்கும். ஒரு சொல்லுக்கு ஒரே விளக்கம்தான் என்ற கட்டாயமில்லை. ஒரு டி.ரி.க்குக் கீழே எத்தனை டி.டி.யும் வரலாம்.

எமது ஊருக்கு இந்த வசதி மிகவும் தேவை. ‘தாத்தா’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாத்தா என்றால் அம்மாவின் அல்லது அப்பாவின் தகப்பன். சிங்களச் சகோதரிகளுக்குத் தாத்தா என்றால் தகப்பன். ஒரே பஸ்ஸில் “தாத்தா வாறா”, “தாத்தா வாறாரு”, “தாத்தா எனவா” என்று மூன்று பேர் சொன்னால் வருபவர்கள் மூன்று வகை. ஒரு டி.ரி., மூன்று டி.டி.

அடுத்தது ‘பேர்’. எமக்குப் பேர் என்றால் பெயர், அல்லது ஆட்களின் எண்ணிக்கை. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு விழும் கணக்குக்கும் பேர் என்றுதான் சொல்வார்கள். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர். கடைக்கு வரும் ஒருவர் “இந்த மாசம் பதினெட்டுப் பேருதாங்க முதலாளி” என்று சொன்னால், வெளியூர்க்காரருக்குப் பதினெட்டு ஆட்கள் என்றுதான் விளங்கும். பதினெட்டு நாள் சம்பளம்தான் கிடைக்கும், கடன் முழுவதையும் இந்தத் திகதியில் தீர்க்க முடியாது என்று வாப்பாவுக்கு விளங்கும். அந்த ஒரு சொல்லின் அர்த்தம் தெரிந்தபடியால்தான் அவர் கொப்பியை மூடிவைக்கிறார்.

எச்.ரி.எம்.எல். வளர்ந்த விதத்திலும் ஒரு சுவாரசியம் உண்டு. டிம் பேர்னர்ஸ் லீ 1991 இல் எழுதிய முதலாவது ஒட்டு விவரத்தில் யு.எல்., எல்.ஐ., டி.எல். ஆகியவை இருந்தன. ஓ.எல். அதில் இல்லை, பின்னர்தான் சேர்ந்தது. 1995 இல் வெளியான எச்.ரி.எம்.எல். 2.0 இல் மூன்றும் உள்ளன. 2014 இல் நியமமாக்கப்பட்ட எச்.ரி.எம்.எல். 5, வரைவிலக்கணப் பட்டியல் என்ற பெயரை விவரணப் பட்டியல் என்று மாற்றியது. தாத்தா என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் கூற முடியாது, விவரிக்கத்தான் முடியும் என்பதால் இந்தப் பெயர் மாற்றம் எனக்கும் சரியாகத்தான் படுகிறது.

தங்கைமாருக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. சோம்பல்பட்டு, ஒட்டுகள் போடாமல் கோடும் இலக்கமும் தட்டச்சு செய்து பட்டியல் போலக் காட்டிவிடாதீர்கள். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள், ஒட்டுகளை வைத்துத்தான் இது பட்டியல், இதில் இத்தனை உறுப்புகள் உண்டு என்று அவர்களுக்குச் சொல்கிறது. எமது கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். அவர்களுக்கு அப்படியில்லை.

அடுத்த வருடம் நாம் பரீட்சை எழுதியதும், பெறுபேற்றுத் தாளில் இசெட் புள்ளியோடு மாவட்ட நிலை, அகில இலங்கை நிலை என்று இரண்டு இலக்கங்கள் வரும். பல்கலைக்கழக இடங்கள் குறைவு, முறை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே அந்த ஓ.எல்.லை நான் குறை சொல்லவில்லை, அதில் மேலே நிற்க ஆசையும் இருக்கிறது. ஆனால் அந்தத் தாள் வரும் நாளிலும் வகுப்புத் தோழியரின் பெயர்கள் என் கொப்பியில் யு.எல். ஆகவே இருக்கும். முன்னால் ஒரு புள்ளி மட்டும்.