கியரே இல்லாத ஃபாரின் சைக்கிள்!

பழைய இரும்புக் கடைப் பக்கம் போயிருக்கீங்களா? ஒருநாள் சும்மா எட்டிப் பாருங்க. தையல் மெஷின் தலை, ஓட்டை அண்டா, துருப்பிடிச்ச ஃபேன்னு குவிஞ்சு கிடக்கிற குப்பைக்குள்ள கண்டிப்பா ஒரு சைக்கிள் இருக்கும். பெரும்பாலும் கியர் சைக்கிளாத்தான் இருக்கும். ஏன் தெரியுமா? நம்ம ஊர்ல கியர் சைக்கிள் சாகுறது கியராலதான். பின் சக்கரத்துப் பக்கம் தொங்குற அந்தக் கியர் கை வளைஞ்சிடும், ஸ்பேர் கிடைக்காது, வண்டி ஓரமாப் போயிடும். மத்தபடி ஃபிரேம் கல்லு மாதிரி இருக்கும்!

எனக்குக் கிடைச்சதும் அப்படி ஒண்ணுதான். வளைஞ்ச ஹேண்டில் பார், ஸ்டிக்கர் எதுவும் இல்லை, கரி பிடிச்ச பச்சை கலர். "ஜெர்மன்ல இருந்து பழைய நிட்டிங் மெஷின் வந்த கண்டெய்னர்ல வந்துச்சுங்" என்றார் கடைக்காரர். உண்மையோ, கதையோ... திருப்பூர்ல எதுவும் நடக்கும்! விலை 900 ரூபாய்.

எனக்கு எதுக்கு சைக்கிள்? சொல்றேன். நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்ல இருக்கேன். காலை எட்டரைக்குப் போனா சாயந்திரம் அஞ்சரைக்கு ஒரு ஷிப்ட் முடியும். திருப்பூர்க்காரங்களுக்கு மேல சொல்ல வேண்டியதில்லை, அதுக்கப்புறம் இருந்தா ஒன்றரை ஷிப்ட். அந்த அரை ஷிப்ட் காசுலதான் பல வீடுகள்ல வாடகையே ஓடுது. அந்தக் காசை விட்டுட்டு குரூப் 4 கோச்சிங் கிளாஸுக்குச் சேர்ந்தேன். கிளாஸ் ஆறேகாலுக்கு. தூரம் ஏழு கிலோமீட்டர். ஆனா நடுவுல ஒரு பஸ் மாறணும், ரயில்வே லைனைத் தாண்டணும். முதல் வாரத்துல மூணு நாள் பாதிப் பாடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். கூலியும் போச்சு, பாடமும் போச்சு! பள்ளிக்கூடத்துல கவர்மென்ட் கொடுத்த இலவச சைக்கிளை ஏற்கெனவே தங்கச்சி எடுத்துக்கிட்டா. தோழி தவணையில ஸ்கூட்டர் எடுத்திருக்கா, மாசம் 3,650 ரூபாய். அதுக்கு எங்க வீட்டுல வழியில்லை.

சரி, வண்டிக்கு வருவோம்.

எங்க தெரு முனையில் சைக்கிள் கடை வெச்சிருக்கிற தாத்தா, ஃபிரேமைத் தட்டித் தட்டிப் பார்த்தார். முன்னாடியும் பின்னாடியும் பிரேக் மாட்ட ஃபிரேமிலேயே முளை வெச்சிருந்தது. சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே விரல் விடுற அளவு இடைவெளி. "ரேஸ் சைக்கிள்னா இத்தனை சந்து இருக்காதே அம்மிணி" என்றார். அப்புறம்தான் விஷயம் புரிஞ்சது. இது சைக்ளோகிராஸ் வண்டி. ஐரோப்பாவுல குளிர்காலத்துல சேத்துக்குள்ள ஓட்டுற பந்தயம் அது. ஓட்ட முடியாத இடத்துல இறங்கி, சைக்கிளைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடணும்! பிரான்ஸ்ல 1902-லேயே தேசியப் போட்டி நடந்திருக்கு. 1950-ல் பாரிஸ்ல முதல் உலகப் போட்டி. சேறு அடைக்கக் கூடாதுன்னுதான் அந்தச் சந்து. நல்ல மழை பெய்ஞ்ச மறுநாள் எங்க ஏரியா ரோட்டைப் பாத்தவங்களுக்கு, இந்த வண்டி சரியான ஊருக்குத்தான் வந்திருக்குன்னு தோணும்.

கியரை ரிப்பேர் பண்ணலாமான்னு கேட்டேன். தாத்தா ஒரே வார்த்தையில முடிச்சார்: "தூக்கிப் போடு."

பல்லு பல்லா இருந்த பின்பக்க ப்ரீவீலைக் கழட்டத் தனி டூல் வேணும். அது அவர்கிட்ட இல்லை. ஆனா மேல் மூடி இடது மறைன்னு அவருக்குத் தெரியும். நாம இறுக்குற பக்கம் சுத்தினா அது கழலும்! பஞ்ச் வெச்சுத் தட்டினார், மூடி வந்துச்சு, குட்டிக் குட்டி பால்ஸ் கொட்டுச்சு. மிச்சமிருந்த உள் கூட்டை வைஸ்ல பிடிச்சு, சக்கரத்தையே ஸ்டியரிங் மாதிரி திருப்பினார். 'டக்'னு ஒரு சத்தம்... அவ்வளவுதான். நாலு நாளா எண்ணெய் விட்டு ஊறப்போட்டிருந்தோம், அதையும் சொல்லிடணும்.

இனிமேதான் ஆச்சரியம். அந்த ஃபாரின் ஹப்புல, நம்ம ஊர் சாதா சைக்கிளுக்குப் போடுற 18 பல்லு ப்ரீவீல் அப்படியே ஏறிச்சு! அந்தக் காலத்து இங்கிலீஷ் மறைதான் ரெண்டுக்கும். நீங்க செய்யறதா இருந்தா ஒண்ணு கவனிங்க: கையாலேயே நாலு சுத்து வழுக்கிட்டுப் போகணும். இடிச்சா நிறுத்திடுங்க. பலத்தைக் காட்டினா ஹப் காலி. சில பழைய பிரெஞ்சு ஹப்புல மறையே வேற.

முன்னாடி ரெண்டு பல் சக்கரம் இருந்தது. பெரியதைக் கழட்டிட்டு 42 பல்லு உள்ளதை மட்டும் வெச்சுக்கிட்டோம். கணக்குப் போட்டுப் பாருங்க: பெடல் ஒரு சுத்து சுத்தினா வண்டி சுமார் 5 மீட்டர் போகும். என் கிளாஸுக்கு 1,400 சுத்து! நிமிஷத்துக்கு 60 சுத்து மிதிச்சா மணிக்கு 18 கிலோமீட்டர். சிக்னல், மாடு, சரக்கு ஆட்டோ எல்லாம் போக அரை மணியில் போயிடலாம்.

முக்கியமான வேலை செயின் நேர்க்கோட்டுல வர்றது. முன் பல்லும் பின் பல்லும் ஒரே கோட்டுல இல்லைன்னா செயின் கழண்டுக்கிட்டே இருக்கும். கம்பெனியில கோன்ல மிஞ்சின நூலைக் கொண்டு போனேன். முன்னாடியிருந்து பின்னாடி வரை இழுத்துப் பிடிச்சு, ஆக்ஸில்ல இருந்த வாஷர்களை வலப் பக்கத்துலேருந்து இடப் பக்கத்துக்கு மாத்தி, கோடு சரியாக்கினோம். அப்படி மாத்தினதும் ரிம் வலது பக்கமா ஒதுங்கிடுச்சு. தாத்தா இடது போக்ஸ் கம்பிகளை இறுக்கி, வலதைத் தளர்த்தி, கோட்டம் எடுத்தார். கியர் வீல்ல ரெண்டு பக்கக் கம்பிக்கும் இழுவை வித்தியாசம் இருக்கும். இப்ப சமமாயிட்டதால சக்கரம் முன்னைவிட உறுதி.

ஒரு பிரேக் முளை உடைஞ்சிருந்தது. சாதா வெல்டிங் வெச்சா மெல்லிசு பைப் ஓட்டையாயிடும். அனுப்பர்பாளையத்துக்கு எடுத்துட்டுப் போனேன். பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர்போன இடமாச்சே! ஒரு பட்டறையில குத்துவிளக்கை ஓரமா வெச்சுட்டு, பித்தளை வெச்சுப் பத்த வெச்சுக் கொடுத்தாங்க. 150 ரூபாய்.

டயர் வாங்கும்போது உஷார்! 28-ன்னு கேட்டா நம்ம ஊர் சைக்கிள் டயரைத் தூக்கிக் கொடுப்பாங்க. அது 635 மில்லிமீட்டர் ரிம்முக்கு. இந்த வண்டிக்கு 622. டயர் ஓரத்துல சின்ன எழுத்துல அந்த நம்பர் இருக்கும், அதைப் பாத்து வாங்குங்க. டயரும் டியூபும் சேர்த்து 1,200 ஆச்சு. அதுதான் பெரிய செலவு. செயின் 220, ப்ரீவீல் 130, பிரேக் கட்டையும் கேபிளும் 240, பால்ஸ், கிரீஸ் 60, தாத்தாவுக்குக் கூலி 500. வண்டி விலையோட சேர்த்து 3,400. தோழியோட ஒரு மாசத் தவணையைவிடக் கம்மி! ஹேண்டில்ல சுத்தினது ரிப் துணிக் கட்டிங். துடைச்சது பனியன் வேஸ்ட். ரெண்டும் நம்ம ஊர்ல இலவசம்!

எல்லாம் சரி, அம்மாதான் ஒத்துக்கலை. அவங்க கைமடிக்குப் போறவங்க, பேச்சுலயும் மடிச்சு வெச்சிடுவாங்க. "பொம்பளப் புள்ளைக்கு பார் வெச்ச வண்டியா? குனிஞ்சுக்கிட்டு வேற ஓட்டோணுமா?" நான் புதுக்கோட்டைக் கதையைச் சொன்னேன். 1990-களின் தொடக்கத்துல அறிவொளி இயக்கம் நடந்தப்போ அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. கல்குவாரித் தொழிலாளிகூட. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் பார் வெச்ச ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்து ஓட்டினாங்க. பார்ல குழந்தையை உக்கார வெச்சுக்கலாம்னு அதையே விரும்பினவங்களும் உண்டு. அம்மா பதில் பேசலை. ஆனா மறுநாள் டிபன் பாக்ஸ் மாட்ட பார்ல ஒரு கொக்கி கட்டியிருந்தாங்க.

இப்ப ரெண்டு மாசமா ஆறு மணிக்கெல்லாம் கிளாஸ் வாசல்ல நிக்கிறேன், முன் பெஞ்ச்ல இடம் கிடைக்குது. மேம்பாலம் ஏறும்போது மட்டும் கியர் ஞாபகம் வரும். எழுந்து நின்னு மிதிச்சாச் சரியாயிடும். ஒரே குறை மட்கார்டு இல்லாதது. மழை பெய்ஞ்சா முதுகுல ஒரு சேத்துக் கோடு, முழு நீளத்துக்கு! 250 ரூபாய் ஆகுமாம். வர்ற சனிக்கிழமை சம்பளத்துல பாத்துக்கலாம்னு தாத்தாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.