குருவிக்கு ஒரு வங்கி

2019 இல் அக்காவின் பிள்ளைப்பேற்றுக்கு உதவியாகக் கலிபோர்னியாவுக்குப் போயிருந்தேன். ஒருநாள், "வா, உனக்கொரு வங்கி காட்டுறன்" என்று அத்தான் சான் டியேகோவுக்கு வடக்கே உள்ள கார்ல்ஸ்பாட் நகருக்குக் கூட்டிச்சென்றார். இறங்கிப் பார்த்தால் கட்டடமும் இல்லை, காசாளரும் இல்லை. சாம்பல் பூத்த பற்றைகள் மூடிய ஒரு மேடு. இலையைக் கசக்கினால் மருந்து வாசம். நம்மவர் கண்டால், 'சும்மா கிடக்கிற காணி, துப்புரவாக்கலாமே' என்றிருப்பார்கள்.

அந்தப் பற்றைகளை நம்பித்தான் 'நட்கச்சர்' என்ற சின்னஞ்சிறு குருவி வாழ்கிறது. பூனைக்குட்டி போலக் கத்தும். வலசை போகாது. கரையோரப் பற்றைக்காடுகள் வீடுகளாகிக்கொண்டே போனதால், 1993 இல் அதனைச் சட்டம் காக்கவேண்டிய இனங்களில் சேர்த்தார்கள்.

1995 இல் இந்த மேடு பாதுகாப்பு வங்கியானது. கலிபோர்னியாவில் இதுவே முதலாவது. வேடிக்கை என்னவென்றால், அப்போது காணிக்காரரும் ஒரு வங்கிதான்: பாங்க் ஒஃப் அமெரிக்கா. இங்கே இனி ஒருநாளும் வீடு எழும்பாது என்று காணிக்காரர் எழுதிக்கொடுக்க வேண்டும். பராமரிப்புக்கும் நிதி ஒதுக்க வேண்டும். வேறிடத்தில் வீடோ வீதியோ அமைத்து இக்குருவியின் பற்றையை அழிப்பவர், அதற்கு ஈடாக இங்கிருந்து 'வரவு' வாங்குவார். எவ்வளவு அழிவுக்கு எவ்வளவு வரவு என்பதை வனவிலங்கு அதிகாரிகள் தீர்மானிப்பார்கள்.

கேட்கக் கேட்க எனக்கு நந்திக்கடலோரம்தான் நினைவுக்கு வந்தது. 2012 இல் முகாமிலிருந்து மாதிரிக் கிராமத்துக்குக் கொண்டுவரப்பட்ட கேப்பாப்புலவுப் பெண்களோடு வேலை செய்தவள் நான். மாற்றுக்காணி என்ற சொல்லைக் கேட்டாலே அவர்களுக்கு முகம் மாறும். வீடு தந்தால் போதுமா, எங்கள் கிணறும் தென்னையும் எங்கே என்பார்கள்.

சகோதரிகளே, ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே ஈடு வைக்கும் காணியை முதலில் எழுதி உறுதியாக்கிவிட்டுத்தான் மற்றதில் கைவைக்க விடுகிறார்கள். அந்த அளவு ஒழுங்கை நம் பெண்கள் கண்டதில்லை. ஆனாலும் இந்த மேடு முன்பே பற்றைக்காடாக இருந்ததுதானே? புதிதாக ஓர் ஏக்கரும் முளைக்கவில்லை. இருந்த இரண்டில் ஒன்று மிஞ்சியது, அவ்வளவுதான். அழிந்த பற்றையில் கூடுகட்டியிருந்த குருவி எங்கே போனது என்று அத்தானைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கீழே கையைக் காட்டினார். மேட்டின் விளிம்புவரை ஓட்டுக்கூரைகள்.

திரும்பும்போது பற்றைக்குள் பூனைக்குட்டிச் சத்தம் இரண்டுதரம் கேட்டது. நின்று பார்த்தோம். குருவி கண்ணில் படவில்லை.