நிரந்தரம் என்னும் சொல்

சொற்பொருளை ஆராய்தல் தமிழாசிரியர் தொழில். ‘நிரந்தரம்’ என்பதற்கு ‘இடையறாமை’ என்றே யாம் பல்லாண்டு வகுப்பிற் பொருள் கூறி வந்தோம். கனடா நாட்டுச் சட்டத்தில் அச்சொல் அத்துணை உறுதியுடையதன்று என்பதைப் பழைய மாணவர் ஒருவரின் நிலையால் அறிந்தோம்.

1983க்குப் பின் எம்மவர் பலர் அந்நாட்டிற் குடியேறினர். அவருட் சிலர் நிரந்தர வதிவுரிமையோடு அமைந்து, பிரசாவுரிமை கோராது விட்டனர். அன்னாருள் ஒருவர், மூன்று மக்களின் தந்தை, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கைகலப்பு வழக்கில் ஏழு மாதச் சிறை பெற்றார். சிறையோடு இன்னல் ஒழியும் என வீட்டார் எண்ணியிருக்க, நாடுகடத்தும் விசாரணை தொடங்கிற்று.

2002இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சிறை பெற்ற வதிவாளர் கடுங்குற்றத்தாராவர். பத்தாண்டுச் சிறை விதிக்கத்தக்க குற்றத்திற் குற்றவாளியாகக் காணப்பட்டோரும் அவ்வாறே. 2018 டிசம்பர் முதல் மதுபோதையில் வாகனமோட்டுதலின் உச்சத் தண்டனையும் பத்தாண்டாயிற்று. ஆகவே குற்றப்பணம் மட்டும் இறுத்தவரும் இவ்வகுப்பில் அடங்குவர்.

நாடுகடத்தும் கட்டளை பிறந்த பின்னும் குடிவரவு மேன்முறையீட்டு மன்றம் என்னும் வாயில் ஒன்றுண்டு. குற்றத்தின் கடுமை, திருந்தும் வாய்ப்பு, அந்நாட்டில் வாழ்ந்த காலம், குடும்பத்தார் படும் துயர், திருப்பியனுப்பப்படும் நாட்டில் நேரும் இடர் என்பன அங்கே சீர்தூக்கப்படும். ஆயின் ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறை பெற்றார்க்கு அவ்வாயில் அடைபடும். 2013 வரை அவ்வெல்லை இரண்டாண்டாக இருந்தது. அதே ஆண்டில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், ஒருவரது இரண்டாண்டுத் தண்டனையில் ஒரு நாளைக் குறைத்து, அவரது மேன்முறையீட்டு உரிமையைக் காத்தது. ஒரு நாளின் பெறுமதி அத்துணை!

குற்றம் செய்தார் தண்டம் பெறுதல் நீதியே. அதனை யாம் மறுப்பேமல்லேம். ஒரே குற்றத்திற்கு, அங்குப் பிறந்தவன் சிறையிருந்து மனை மீள, வந்து குடியேறியவன் சிறையிருந்தும் மனையிழக்கின்றான். இருபதாண்டு உழைப்பையும் மக்களின் கண்ணீரையும் அம்மன்றத்தில் எடுத்துரைக்கவும் இடமின்றிப் போதலே எம் நெஞ்சை உறுத்துகின்றது.

எம் மாணவர் அங்கிருந்து இம்மலரை வாசிப்பர். அவர்க்கு யாம் கூறுவன இரண்டு. தகுதி வந்தவுடன் பிரசாவுரிமைக்கு விண்ணப்பஞ் செய்க. வழக்கொன்று நேரின், குற்றத்தை ஒப்புமுன் குடிவரவுச் சட்டம் வல்ல சட்டத்தரணியை நாடுக. வழக்கு விரைவில் முடிதல் ஒன்றையே நன்மையென எண்ணற்க.